கைபடும் பித்தளை

செப்டம்பர் 1, திங்கள்

குடும்பத்தாரும் தினம் எழுத வேண்டுமாம். மறுவாழ்வு மையத்தின் கவுன்சிலர் அம்மா சொல்லியனுப்பியது: "மனசுல இருக்கறத நோட்டுல எறக்கி வைங்க, லேசாயிடும்." குடித்தது என் வீட்டுக்காரர், வீட்டுப்பாடம் எனக்கு! நல்ல நியாயம். சரி, எழுதுகிறேன். ஆனால் இவரைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். என் வேலையைப் பற்றி மட்டும்தான்.

வேலை இதுதான். அவிநாசி சாலையில் சென்னியப்பன் புது ஹோட்டல் கட்டுகிறார். முதல் மாடியில் பார். அதன் உள் அலங்காரம் முழுக்க என் பொறுப்பு. மரம், கல், நாற்காலித் துணி எல்லாம் முடிவாகிவிட்டது. இழுத்துக்கொண்டிருப்பது பித்தளை. கவுன்ட்டர் விளிம்புப் பட்டை, கீழே கால் வைக்கும் குழாய், பாட்டில் அடுக்கின் சட்டங்கள், தொங்கும் விளக்குகள், கைப்பிடிகள், இத்தனையும் பித்தளை. எந்த மெருகு என்பதுதான் கேள்வி. கண்ணாடி மாதிரியா, மங்கலா, பழுப்பேற்றியதா, மேலே நிறம் மாறாமல் காக்கும் லேக்கர் பூச்சு அடிப்பதா வேண்டாமா? திறப்பு விழா விஜயதசமிக்கு.

இவரிடம் ரெஸ்டாரண்ட் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் ரெஸ்டாரண்டும் இருக்கத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

சென்னியப்பன் முன்னால் மாதிரித் துண்டுகளை வரிசையாக வைத்தேன். மனுஷன் பழுப்புத் துண்டை மட்டும் விரல் நுனியால் தள்ளிவிட்டார்.

"ஏனுங் மேடம், இது என்னுங் அழுக்குப் புடிச்சாப்ல இருக்குது? புது ஓட்டலுக்குப் பழைய பித்தளையா? வர்றவன் என்னய என்னன்னு நெனப்பான்?"

"அதுதாங்க அழகு. பளபளன்னு கண்ணக் குத்தாம அடக்கமா இருக்கும்."

"எனக்கு அடக்கம் எதுக்குங்? நான் என்ன மடமா கட்டறேன்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். பளபளப்பாக்கி லேக்கர் அடித்தால் முதல் வருஷம் ஜோராக இருக்கும். அப்புறம் முழங்கை உரசி, எலுமிச்சைச் சாறு சிந்தி, அங்கங்கே லேக்கர் உரிந்து தேமல் பட்ட உடம்பாகிவிடும். லேக்கர் அடிக்காமல் பச்சையாக விட்டால் கை பட்ட இடம் தனியாகத் தெரியும். முதலில் விரல் தடம் விழும், பிறகு கறுக்கும், ஓயாமல் கை படும் இடம் தேய்ந்து மின்னும்.

"அப்ப எவன் எங்க கை வெச்சான்னு பித்தளையே காட்டிக் குடுத்துருமுங்களா?"

"ஆமாங்க."

"பொல்லாத சாமானுங்" என்றார்.

வீடு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வேலை சம்பந்தமாகத்தான்.

செப்டம்பர் 5, வெள்ளி

லேக்கர் அடிக்காத கைப்பிடிகளை வீட்டில் மாட்டினேன். சமையலறைக் கதவு, குளியலறைக் கதவு, துணி அலமாரி, மொட்டை மாடிக் கதவு. புழக்கத்தில் நிறம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டாமா? மொட்டை மாடிக்கு ஏன் என்றால் அங்கேதான் வெயிலும் மழையும். வேறு ஒன்றும் இல்லை.

இவர்தான் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தார். "மாடிக் கதவுக்கு எதுக்கு இத்தன அழகு?" என்று கேட்டார். டெஸ்டிங் என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சமையலறை: லேசான பழுப்பு. குளியலறை: புள்ளி புள்ளியாக, ஈரத்தால். அலமாரி: மாற்றமில்லை. மொட்டை மாடி: உள்பக்கம் நன்றாகக் கறுத்துவிட்டது, விரல் தடம் தெளிவாகத் தெரிகிறது.

நான் மாடிக்குப் போவதே இல்லை. துணி காய்வதெல்லாம் பின் பால்கனியில்.

தண்ணீர் டாங்க் ஒழுகுகிறதா என்று பார்த்து நாளாயிற்றே என்று மேலே போனேன். ஒழுகவில்லை. டாங்குக்குப் பின்னால் ஒழுகவில்லை. மிச்சச் செங்கல் அடுக்குக்குக் கீழே ஒழுகவில்லை. உடைந்த ஏர்கூலரைத் திறந்து பார்த்தேன், அதற்குள்ளும் ஒழுகவில்லை.

கீழே வந்தபோது இவர் குளித்துவிட்டு நின்றார். துண்டை எடுக்க அவர் பக்கம் குனிந்தேன். சோப்பு வாசனை. இவரைப் பற்றி எழுத மாட்டேன் என்று சொன்னேன், இது துண்டைப் பற்றியது.

செப்டம்பர் 10, புதன்

பீளமேடு பாலிஷ் பட்டறை. தூசி. நாள் முழுக்கத் தும்மல்.

செப்டம்பர் 12, வெள்ளி

மாடிக் கைப்பிடியை மட்டும் தேய்த்துப் புதிதாக்கிவிட்டு வேலைக்குப் போனேன். சோதனை என்றால் முதலிலிருந்து ஒழுங்காகச் செய்ய வேண்டும். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்த்தேன். மறுபடியும் தடம்.

இவர் ஆப்பத்துக்குத் தேங்காய்ப் பால் எடுத்து வைத்திருந்தார். வேலை போனதிலிருந்து சமையல் இவருடையது. மெஷின் பாகம் விற்றுக்கொண்டிருந்த மனுஷனுக்கு இவ்வளவு கைப்பக்குவம் எங்கே இருந்ததோ! சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடியும் சாத்தினேன். "கொசு வருதா?" என்று கேட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கால் குழாயின் மாதிரித் துண்டையும் அதைத் தாங்கும் கொக்கியையும் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சைட்டில் வைத்தால் சிமெண்டு படும். இவர் வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெஸ்டாரண்ட்ல உக்காந்து சாப்புடறவனுக்குக் கால் வெக்கறதுக்குக் கம்பி எதுக்கு?"

நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

"பாரா வேணி?"

"ரெஸ்டாரண்டும் இருக்குதுங்க."

"அது எல்லா ஓட்டல்லயும் இருக்கும்." குழாயைச் சுவரோரம் பேப்பர் விரித்துப் பதமாகப் படுக்க வைத்தார். "சொல்லியிருக்கலாம்ல? பேரக் கேட்டதும் மயங்கி உழுந்துருவனா நானு?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

இன்றைய ரசத்தில் உப்பு கூடிப்போயிருந்தது. குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தேன்.

செப்டம்பர் 20, சனி

ஜெயித்துவிட்டேன். எல்லாம் பழுப்பேற்றி, லேக்கர் இல்லாமல், மெழுகு மட்டும் பூசுவது என்று சென்னியப்பன் ஒத்துக்கொண்டார். அரைமனசாகத்தான். "நீங்க சொல்றீங், நான் கேக்கறனுங். நாளைக்கு எவனாச்சும் ஓட்டல் பழசான்னு கேட்டா உங்க நம்பரக் குடுத்துருவேன்."

இன்னொரு கூத்து. விஜயதசமிக்குத் திறப்பு என்று ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். நான் காலண்டரைக் காட்டினேன். அன்றைக்கே காந்தி ஜெயந்தி, மாநிலம் முழுக்க மதுக்கடையும் பாரும் அடைப்பு.

"அட கெரகமே! அந்தாளு ராகு கேதெல்லாம் பாத்தான், காந்திய மறந்துட்டானுங்!"

திறப்பு மறுநாள் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. நன்றாகச் சிரித்தேன். இதை வீட்டில் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று ஓடிவந்தேன். வாசலுக்கு வந்ததும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

வழக்கத்தைவிடச் சீக்கிரம், ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன், தலைவலியும் இருந்தது. வீட்டில் இவர் இல்லை. மாடிப்படியில் பாதி ஏறியதும் மேலே கதவைத் திறந்துகொண்டு வந்தார். நான் படியில், அவர் அந்தக் கதவருகில்.

கைப்பிடியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். "வேணி, இது கைப்பிடியா, போலீசா?"

"டெஸ்டிங்னு சொன்னேன்ல."

"டெஸ்டிங் யாருக்கு?"

அவரே சொன்னார். "ஆறு மணியானா முன்னால மாதிரிக் கையெல்லாம் நடுங்கறதில்ல இப்ப. அதச் சமாளிச்சுருவேன். நீ பாக்கற பாரு, அதத்தான் தாங்க முடியல. டீ குடிச்சா டம்ளரப் பாக்கற. பல்லு வெளக்குனா எதுக்கு இந்நேரத்துக்குன்னு பாக்கற. துண்ட எடுக்கற மாதிரி வந்து மூக்க உறிஞ்சற. நீ வர்றதுக்கு முன்னாலயே பல நாள் மேல போயி நின்னுக்கறேன். ரோட்டப் பாப்பேன். நீ வந்து முகங்கழுவிச் சித்த ஆறுனதும் கீழ வருவேன். அவ்வளவுதான் அங்க."

எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. "நான் பாக்காம வேற யாரு பாக்கறது? காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தப்ப யாருங்க வந்து தூக்குனது? உங்க வாந்தியத் தொடச்சது யாரு? இப்ப என் கண்ணு உங்களுக்கு உறுத்துதா?" என்று கத்தினேன். கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"நீதான் தூக்குன. இல்லைன்னு எப்பச் சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனார்.

கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் பழைய அலுமினியத்தையே மாட்டினேன். சோதனை முடிந்துவிட்டது, அதனால்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பித்தளை எல்லாம் மாட்டியாகிவிட்டது. விளக்கைப் போட்டதும் நானே சொக்கிப்போனேன். கருங்காலி நிறத்துக் கவுன்ட்டர், தேன் மாதிரி வெளிச்சம், அதில் அந்தப் பழுப்பு. சென்னியப்பன்கூடக் குறை சொல்லவில்லை. மதியமே பாட்டில் பெட்டிகள் வந்து இறங்கி, அடுக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

போட்டோ எடுத்தேன். வீட்டில் இவராகத்தான் கேட்டார். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்குது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதானா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஊரே மெச்சினாலும் இந்த மனுஷன் மெச்ச வேண்டும் என்று இன்னும் எனக்கு இருக்கிறது பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

ஐயோ.

காலையில் பொரி, கடலை, வாழைப்பழத்தோடு ஹோட்டலுக்குப் போனேன். பாரின் கதவைத் தள்ளினால் கண் கூசுகிறது! கால் குழாய், விளிம்புப் பட்டை, கைப்பிடிகள், பாட்டில் அடுக்கின் சட்டம் வரை எல்லாம் தகதகவென்று. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், குங்குமம். கோயில் குத்துவிளக்கைப் போல நிற்கிறது என் பார்.

ஹவுஸ்கீப்பிங் பொன்னுத்தாயி அக்கா வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். விடிந்ததிலிருந்து பெண்களை வைத்துக்கொண்டு புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்.

"பாருங் மேடம், எத்தன அழுக்கு! புதுசுன்னு சொல்லி உங்கள எவனோ நல்லா ஏமாத்திப்போட்டானுங். பூசையும் அதுவுமா இப்படியே உட முடியுமா? வெளக்கு மட்டும் எட்டலீங், ஏணி வந்தா அதையும் முடிச்சுரலாம்."

அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படித் திட்டுவது? பூஜை நாளில் வீட்டுப் பித்தளையை நானும்தான் புளி போட்டுத் தேய்க்கிறேன். "ஏணி வேண்டாங்க்கா" என்று மட்டும் சொன்னேன். பின்னாலேயே சென்னியப்பன் வந்தார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அட, இதத்தானுங் மேடம் நான் மொத நாளே கேட்டது!"

மூலையில் போய் உட்கார்ந்து பொரியைத் தின்றுகொண்டே யோசித்தேன். விளக்குகள் பழுப்பு, மற்றதெல்லாம் பளபள. இப்படியே விட்டால் சம்பந்தமில்லாத இரண்டு கடைகளில் வாங்கி வந்த மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு வழி தோன்றியது. கை கால் படும் இடங்கள், அதாவது குழாயும் விளிம்பும் கைப்பிடியும், பச்சையாகவே இருக்கட்டும். வருகிறவர்கள் தொட்டுத் தொட்டுத் தானே நிறம் பிடிக்கும். கை படாத அடுக்குச் சட்டங்களை மட்டும் விளக்கோடு சேரும்படி மறுபடி பழுப்பாக்கிவிடலாம். சொல்லப்போனால் முன்பு வைத்ததைவிட இதுவே சரி. சென்னியப்பனும் உடனே தலையாட்டினார், பாதிக்குப் பாதி அவர் ஜெயித்த சந்தோஷம் அவருக்கு.

ஆனால் பட்டறைகள் எல்லாம் பூஜைக்கு மூடல். வெள்ளிக்கிழமை மாலை திறப்பு. கையால்தான் செய்ய வேண்டும். பழுப்பேற்றும் மருந்து தொட்டு, கழுவி, இரும்பு நார் போட்டு மெல்லத் தேய்த்து, மெழுகு. ஒரு ஆளால் ஆகாது.

வீட்டில் சொல்லிப் புலம்பினேன். "நான் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன், பட்டென்று.

"நாளைக்கு ஊருலயே கடை கெடையாது வேணி" என்று சிரித்தார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எப்படித் தெரிந்தது இவருக்கு? சரி, வாங்க என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

ஊரில் கடையெல்லாம் மூடல், பாட்டில் நிறைந்த ஒரே அறைக்கு இவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். எனக்கே என்னை என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இவரை வெளியே காபி குடிக்க அனுப்பிவிட்டு அடுக்கிலிருந்த பாட்டில்களையெல்லாம் நானே இறக்கிப் பெட்டியில் வைத்து, துணி போட்டு மூடினேன். மருந்து தெறிக்கும் அல்லவா. திரும்பி வந்தவர் மூடிய பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டார்.

நல்ல வேலைக்காரர் இவர். நான் மருந்து தொட்டுக்கொண்டே போக, பின்னாலேயே தேய்த்து மெழுகு போட்டார். அடுக்குக்குப் பின்னால் கண்ணாடி. நான் திரும்பாமலே அவரைப் பார்க்கலாம். பார்த்தேன். இரண்டு முறை அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அப்புறம் நான் பார்ப்பதை விட்டேன். பழைய கதையெல்லாம் பேசினோம். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்து எங்கள் நாய்க்குப் பயந்து சுவரேறிய கதையைச் சொன்னார். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து! சந்தோஷமாக இருந்தேன், அதை எழுதிவிடுகிறேன்.

கடைசிச் சட்டத்தைத் தொடங்கும் முன், "முன்னாடி நின்னு பாத்தா எப்படித் தெரியுதுன்னு பாக்கறேன்" என்று கவுன்ட்டரைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். நின்றார். கை விளிம்புப் பட்டையில் ஊன்றியது. வலது கால் தானாக எழும்பிக் குழாயில் ஏறி உட்கார்ந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, அது தானாகவே போனது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். முகம் மாறிவிட்டது. பிறகுதான் காலைக் குனிந்து பார்த்தார், கீழே வைத்தார்.

"நான் ஊட்டுக்குப் போறேன் வேணி."

"இன்னும் ஒண்ணுதானுங்க பாக்கி."

"நீ முடிச்சுரு."

கைகூடக் கழுவவில்லை. போய்விட்டார். கடையெல்லாம் மூடல், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தேன். பாட்டில்களைத் திரும்ப அடுக்கும்போது எண்ணிப் பார்த்தேன். ஹோட்டல் சரக்கு, பொறுப்பு என்னுடையது. சரியாக இருந்தது.

வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டேன், ம் என்றார்.

அக்டோபர் 3, வெள்ளி

மதியம் அவருடைய நீலச் சட்டையைத் தேய்த்து மாட்டினேன். "நான் வரல" என்றார். காரணம் கேட்டதற்கு, "வரல, விடு" என்றார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தயாராக நிற்கும் பொம்பளையிடம் சொல்கிற பேச்சா இது? "வராட்டிப் போங்க, யாருக்கென்ன!" என்று கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன். தெருமுனையில் கடை திறந்திருந்தது. ஒரு நாள் மூடியதற்குக் கூட்டம் இரட்டிப்பு.

திறப்பு விழா அமர்க்களம். "சார் வரலீங்களா?" என்று சென்னியப்பன் கேட்டார். காய்ச்சல் என்றேன். போன தடவை அல்சர் என்றேன், அதற்கு முன்னால் வெளியூர். என் பொய்க்கு மட்டும் ஓய்வே இல்லை. ஆளாளுக்கு வந்து பித்தளையைத் தடவிப் பார்த்தார்கள். இது எந்த ஊர் வேலை என்று கேட்டார்கள். சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார். நான் கவுன்ட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வருகிற ஒவ்வொரு ஆளும் கையை விளிம்பில் ஊன்றினான், காலைத் தூக்கிக் குழாயில் வைத்தான். ஒருவன்கூட யோசித்து வைக்கவில்லை.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், மறுபடியும் போட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கீழே இறங்கி ஆட்டோ பிடித்தேன். தெருமுனைக் கடையில் வண்டியை மெதுவாக விடச் சொல்லி ஒவ்வொரு முதுகாகத் தேடினேன். நான் தேடினேன் என்றே எழுதுகிறேன். பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்துதான் கிடந்தது. சமையலறையில் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை மாவோடு உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது.

"அதுக்குள்ள வந்துட்ட?"

அந்தச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. "ஏன் வரலீங்க? என்கூட வந்து நிக்கக் கேவலமா? இல்ல, நான் அந்தப் பக்கம் போனதும் குடிக்கலாம்னு இருந்தீங்களா?" அதையும் கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. கிரைண்டரை நிறுத்தினார்.

"வேணி, நான் பாக்காத கடையா? மூத்தர நாத்தத்துல நின்னு குடிச்சவன். அந்தக் கடையெல்லாம் இப்ப என்னயக் கூப்புடறதில்ல. தெனம் தாண்டிப் போறேன், திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நீ பண்ணுனது கூப்புடுது. நேத்து அங்க நின்னப்ப, ஆயுசு பூரா அங்கியே நிக்கலாம்னு இருந்துது. அத்தன நல்லாப் பண்ணியிருக்கற. அதான் வரல."

இத்தனை வருஷ வேலையில் என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. இனியும் யாரும் பாராட்டப்போவதில்லை. பட்டுச்சேலையோடு ஈரத் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். மாவுக் கையால் என் தலையைத் தொட்டார். முடியெல்லாம் மாவு. இதற்கு வேறு காரணம் எதுவும் எழுதப்போவதில்லை.